ஒரு வார இறுதியில் பிறந்த 2048: பார்த்துச் செய்வது படிப்பா, களவா?

நமது ஊர்ப் பிள்ளைகளின் போன்களில் 2048 என்ற விளையாட்டைக் காணாதவர்கள் குறைவு. நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டங்கள். இரண்டும் இரண்டும் சேர்ந்தால் நாலு, நாலும் நாலும் சேர்ந்தால் எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு போய் 2048 என்ற எண்ணை எடுக்க வேண்டும். பஸ்ஸிலும் டியூஷன் வகுப்பு வாசலிலும் இதை விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "போனை வை!"

போனை வைக்கச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது என்ற வரலாற்றை ஒருமுறை பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பது நல்லது. ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோராகிய நாமும் இன்று திண்டாடும் ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது. இன்னொருவர் செய்ததைப் பார்த்துச் செய்வது படிப்பா, களவா? ஒப்படையைக் கொமினிகேஷன் கடையில் சொல்லிச் செய்வித்து, மட்டை போட்டுக் கொண்டுவரும் காலம் இது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் முழுச் செய்நிரலும் கைக்கு வரும் காலமும் இதுதான். ஆகவே இந்தக் கேள்வியை நாம் தள்ளிப்போட முடியாது.

*2014 மார்ச், இத்தாலி*

கப்ரியேலே சிருல்லி என்பவர் இத்தாலியர். 2014 மார்ச்சில் அவருக்கு வயது 19. நமது நாட்டில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் வயது. இணையப் பக்கங்கள் செய்வதில் அவருக்குப் பழக்கம் இருந்தது. ஒரு விளையாட்டை அடியிலிருந்து நுனிவரை தன் கையால் எழுத முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டார். ஒரு வார இறுதியில் உட்கார்ந்து எழுதி முடித்து, மார்ச் 9ஆம் திகதி இணையத்தில் போட்டார். காசு கேட்கவில்லை, விளம்பரமும் வைக்கவில்லை. பொழுதுபோக்காகச் செய்து பார்த்த ஒரு பயிற்சி, அவ்வளவுதான்.

ஒரு வாரம் முடிவதற்குள் நாற்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் அந்தப் பக்கத்துக்கு வந்து விளையாடியிருந்தார்கள்.

அவர் பாவித்தவை மூன்று: பக்கத்தின் எலும்புக்கூட்டுக்கு எச்.டி.எம்.எல்., நிறத்துக்கும் அசைவுக்கும் சி.எஸ்.எஸ்., மூளைக்கு ஜாவாஸ்கிரிப்ட். இம்மூன்றையும் எழுத ஒரு பழைய கணினியும், நோட்பேட் போன்ற ஓர் எளிய எழுதியும், ஓர் இணைய மேலோடியும் போதும். எழுதியதைத் திறந்து பார்க்க இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை. விளையாடுபவரின் மேலோடிக்குள்ளேயே எல்லாம் நடக்கிறது. ஆகக்கூடிய புள்ளியையும் அந்த மேலோடியே ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது.

*முதலில் எண்ணியவர் யார்?*

இங்கேதான் நமது கேள்வி வருகிறது. 2048இன் எண்ணம் சிருல்லியுடையது அல்ல. அதற்கு முன்பே 1024 என்றொரு கைபேசி விளையாட்டு இருந்தது. அதற்கும் முன்னால், 2014 பெப்ரவரி தொடக்கத்தில், 'த்ரீஸ்' என்ற விளையாட்டு வெளிவந்திருந்தது. அமெரிக்கர்களான ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் அதைச் செய்தவர்கள். அவர்கள் அதற்காக 14 மாதங்கள் உழைத்தார்கள். அதில் ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. அதன் பிறகு மூன்றும் மூன்றும் சேர்ந்து ஆறு, ஆறும் ஆறும் சேர்ந்து பன்னிரண்டு. ஒரு தடவை தள்ளினால் எண்கள் ஒரு கட்டம் மட்டுமே நகரும். 2048இல் அவை சுவர் வரை வழுக்கிக்கொண்டு போகும்.

'த்ரீஸ்' காசு கொடுத்து வாங்க வேண்டியது. 2048 இலவசம். 14 மாத உழைப்பை ஒரு வார இறுதி வேலை சில நாட்களிலேயே மறைத்துவிட்டது. 'த்ரீஸை' விட்டுவிட்டு, "2048 போன்ற விளையாட்டா?" என்று ஆட்கள் அதைப் பார்த்தே கேட்கத் தொடங்கினார்கள். அந்த வேதனையில் அதன் ஆக்குநர்கள், 14 மாதமும் தமக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களை அந்த மார்ச் மாதக் கடைசியில் வெளியிட்டார்கள். எத்தனை வரைபுகளைக் கிழித்துப் போட்டோம், எத்தனை விதிகளை வைத்துப் பார்த்துக் கைவிட்டோம் என்று அதில் காட்டினார்கள். அவர்களின் மனக்குறை நியாயமானது. ஒரு விதியை நாலு சொல்லில் எழுதுவது இலகு. அந்த நாலு சொல்லைக் கண்டுபிடிக்கத்தான் மாதங்கள் போகின்றன.

சிருல்லி என்ன செய்தார்? தன் விளையாட்டின் பக்கத்திலேயே, இது 1024ஐ அடிப்படையாகக் கொண்டது, எண்ணத்தில் 'த்ரீஸ்' விளையாட்டை ஒத்தது என்று பெயர் சொல்லி எழுதி வைத்தார். தான் கண்டுபிடிக்காத எண்ணத்தை வைத்துக் காசு பார்க்க மனமில்லை என்ற கருத்தை அந்நாட்களில் பத்திரிகைகளிடம் கூறினார். செய்நிரலின் மூலக் குறிமுறை முழுவதையும் எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று திறந்து வைத்தார். அதே ஆண்டில் பின்னர் கைபேசிச் செயலியாகவும் அதை வெளியிட்டார்.

அதே வாரங்களில் வேறு ஆட்களும் 2048ஐ எடுத்துத் தம் பெயரில், விளம்பரங்கள் சேர்த்துச் செயலிகளாக்கினார்கள். அவற்றில் சில இலவசச் செயலிப் பட்டியலின் முன்வரிசைக்கே வந்தன. யாரிடமிருந்து வந்தது என்ற சொல் அவற்றில் பலவற்றில் இருக்கவில்லை.

இப்போது மூன்று தரப்பு நம் முன் நிற்கிறது: பாடுபட்டு எண்ணியவர்கள், பார்த்துச் செய்து பெயரும் சொன்னவர், எடுத்துச் செய்து பெயரை மறைத்தவர்கள். இரண்டாவது தரப்பும் மூன்றாவது தரப்பும் ஒன்றல்ல என்பதே நாம் இங்கு சொல்ல வருவது. முதல் தரப்புக்கு நட்டமே வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. வந்தது. ஆனால் படிக்கும் பிள்ளையை எந்தத் தரப்பில் நிற்கப் பழக்குகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

*பார்த்துச் செய்தவர் என்ன படித்தார்?*

"விதி ஏற்கெனவே இருக்கிறதே, அதைத் திரும்பச் செய்வதில் என்ன படிப்பு?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு சிறிய உதாரணத்தைப் பாருங்கள்.

ஒரு வரிசையில் 2, 2, 2, 2 என்று நாலு எண்கள் இருக்கின்றன. இடப்பக்கம் தள்ளினால் என்ன வரும்? விளையாடும் பிள்ளை யோசிக்காமலே சொல்லும்: 4, 4. ஆனால் கணினிக்கு அவசரத்தில் எழுதிக் கொடுத்தால் அது முதல் இரண்டைச் சேர்த்து 4 ஆக்கும், அடுத்த இரண்டையும் சேர்த்து 4 ஆக்கும், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 4 இருப்பதைக் கண்டு அதையும் சேர்த்து 8 ஆக்கிவிடும். ஆகவே "இந்தத் தடவை ஒருமுறை சேர்ந்தது மறுபடி சேரக்கூடாது" என்று ஓர் அடையாளம் வைக்க வேண்டும். சிருல்லியின் குறிமுறையில் அந்த அடையாளம் இருக்கிறது.

இன்னொன்று. 2, 2, 2, வெற்றிடம். இதை இடப்பக்கம் தள்ளினால் 4, 2 என்று வர வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் வலது ஓரத்தில் 2, 4 என்று வர வேண்டும். அப்படியென்றால் கணினி எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அந்தச் சுவரிலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும். எல்லாத் திசைக்கும் இடப்பக்கத்திலிருந்தே எண்ணினால் விடை பிழைக்கும்.

நிபந்தனை, மடக்கு, அணி என்று தரம் 10, 11 பாடப்புத்தகத்தில் நாம் தனித்தனியாகப் படிப்பிப்பவை எல்லாம் இந்த ஒற்றை வரிசைக்குள் வந்துவிடுகின்றன. கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கிய பிள்ளைக்கு இது பிடிபடச் சுணங்கும். தன் விளையாட்டில் 8 வந்து நிற்பதைக் கண்டு, "ஏன் இப்படி வருது?" என்று தலையைச் சொறிந்த பிள்ளை இதை மறக்காது.

சிருல்லி தன் வேலையைச் சிறு சிறு கோப்புகளாகப் பிரித்து எழுதியிருக்கிறார். பலகைக்கு ஒன்று, எண் வில்லைக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, திரையில் காட்டுவதற்கு ஒன்று, புள்ளியைச் சேமிப்பதற்கு ஒன்று, எல்லாவற்றையும் மேய்ப்பதற்கு ஒன்று. உயர்தரத்தில் பைதன் படிக்கும் பிள்ளைகள் பெரிய சிக்கலைச் சிறு கூறுகளாக உடைப்பது பற்றிக் கட்டுரை வினா எழுதுகிறார்கள். உடைத்துக் காட்டிய ஒரு வேலை இதோ கண் முன்னே இருக்கிறது.

*இது புதுப் பழக்கம் அல்ல*

செய்நிரலாக்கத்தின் வரலாற்றில் பார்த்து எழுதிப் படிப்பது தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது.

1964 மே 1ஆம் திகதி, அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் என்ற கணினி மொழி முதன்முதலாக ஓடியது. ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் என்ற இரண்டு கணித ஆசிரியர்கள் அதை ஆக்கினார்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். மாணவர்கள் அதில் கணக்கும் செய்தார்கள், விளையாட்டுகளும் எழுதினார்கள். 1973இல் டேவிட் ஆல் என்பவர் 101 விளையாட்டுகளின் பேசிக் செய்நிரல்களைத் தொகுத்து ஒரு புத்தகமாக்கினார். அதன் பிற்காலப் பதிப்பு பத்து இலட்சம் பிரதிகள் விற்றது. கணினிப் புத்தகமொன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. 1980களில் வீட்டுக் கணினி வாங்கிய பிள்ளைகள் இப்படியான புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தட்டச்சுச் செய்தார்கள். ஒரு காற்புள்ளி தவறினால் ஓடாது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் மொழி பழகிவிடும். ஓடிய பிறகு எண்ணை மாற்றிப் பார்ப்பார்கள், பெயரை மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்ததைச் சொந்தமாக எழுதுவார்கள்.

பிறகு வலை வந்தது. ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ ஆக்கிய அந்த முறையை, 1993 ஏப்ரல் 30ஆம் திகதி, எவரும் கட்டணமின்றிப் பாவிக்கலாம் என்று சேர்ன் அறிவித்தது. அதோடு, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும் வசதி மேலோடிகளில் இருந்தது. கணினியில் இன்றும் இருக்கிறது. ஒரு தலைமுறை இணைய ஆக்குநர்கள் மற்றவரின் பக்கத்தைத் திறந்து பார்த்தே தொழில் பழகினார்கள்.

நமது கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஸ்க்ரட்ச் 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வெளிவந்தது. அதன் தளத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் வேலையை எடுத்து மாற்றிப் புதிதாக வெளியிடலாம். அப்போது மூல வேலையின் பெயரைத் தளமே தானாகப் போட்டுவிடும். ஆனால் ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தபோது ஒரு விசயம் தெரியவந்தது. 2011இல் அதை வெளியிட்டார்கள். கணினி தானாகப் போடும் பெயரை விட, எடுத்த பிள்ளை தன் கையால், "இது இன்னாருடையது, நன்றி" என்று எழுதுவதையே மூல வேலையைச் செய்த பிள்ளைகள் பெரிதாக மதித்தார்கள். சட்டம் கேட்கிறது என்று சொல்லும் பெயருக்கும் மனம் வந்து சொல்லும் பெயருக்கும் உள்ள வித்தியாசம் சிறு பிள்ளைகளுக்கே விளங்கியிருக்கிறது.

*திறந்து வைத்ததால் வந்தது*

2048இன் குறிமுறையைச் சிருல்லி வெளியிட்ட உரிமத்துக்கு எம்.ஐ.டி. உரிமம் என்று பெயர். எடுங்கள், மாற்றுங்கள், விற்கவும் செய்யுங்கள் என்று அது சொல்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: எழுதியவரின் பெயரும் அந்த உரிமக் குறிப்பும் பிரதியோடு போக வேண்டும். கிட்டத்தட்ட ஓர் அமானிதம் போல.

விளைவு என்ன? சில வாரங்களில் உலகம் முழுவதும் மாணவர்களும் பொழுதுபோக்காகச் செய்பவர்களும் அதை எடுத்து மாற்றினார்கள். எண்ணுக்குப் பதில் நாய்ப் படம் போட்டவர்கள் இருந்தார்கள். முப்பரிமாணத்தில் செய்தவர்கள் இருந்தார்கள். மனிதர் விளையாடாமல் கணினியே விளையாடட்டும் என்று அதற்கு மூளை எழுதியவர்களும் இருந்தார்கள். அதே 2014இல் போலந்து ஆய்வாளர்கள், கணினி தானாக விளையாடிப் பழகும் முறையை இந்தப் பலகையில் சோதித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 19 வயதுப் பிள்ளையொன்று பழகிப் பார்க்க எழுதியது பல்கலைக்கழக ஆய்வுக்கும் பலகையானது.

*உள்ளே இருக்கும் கணக்கு*

கணித ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த விளையாட்டில் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் ஒரு புது எண் வருகிறது. பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு 2 வருவதற்கு, பத்தில் ஒரு பங்கு 4 வருவதற்கு. சராசரி என்ன? 0.9 × 2 + 0.1 × 4 = 2.2. எண்கள் சேரும்போது பலகையின் மொத்தக் கூட்டுத்தொகை மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு நகர்வும் மொத்தத்தைச் சராசரியாக 2.2ஆல் கூட்டுகிறது. 2048ஐ 2.2ஆல் பிரித்தால் ஏறக்குறைய 930. அதாவது 2048ஐ எடுக்கும் பிள்ளை சுமார் 930 தடவைக்கு மேல் விரலை அசைத்திருக்கிறது! நிகழ்தகவு பாடத்துக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் கிடைக்காது.

இரட்டிப்பின் வேகம் பற்றிய கதை நமக்குப் புதியதும் அல்ல. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானிய மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நாலு என்று அரசனிடம் பரிசு கேட்ட சிஸ்ஸாவின் கதையை, 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் தமது வாழ்க்கை வரலாற்று அகராதியில் பதிந்து வைத்தார். 64 கட்டங்களுக்கும் சேர்த்து 18,446,744,073,709,551,615 மணிகள் வரும். பதினாறு கட்டம் உள்ள 2048 பலகையில் எடுக்கக்கூடிய ஆகப் பெரிய எண் 131,072. இரண்டின் 17ஆம் அடுக்கு. ஏன் 16 அல்லாமல் 17 என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். புது எண்ணாகச் சில வேளை 4 வருவதில்தான் விடை இருக்கிறது.

*நமது வகுப்பறையில்*

இந்த விடுமுறையில் நமது பிள்ளைகள் செய்து பார்க்கக்கூடியது இது.

முதலில் கணினியே வேண்டாம். கட்டக் கொப்பியில் நாலுக்கு நாலு கீறி, கடதாசித் துண்டுகளில் எண் எழுதி, ஒருவர் தள்ள மற்றவர் கணினியாக நடிக்கட்டும். விதியை வாயால் சொல்ல முடியாதவரால் செய்நிரலாக எழுத முடியாது. அடுத்து ஒரே ஒரு வரிசைக்குப் பாய்ச்சற் கோட்டுப்படம் கீறட்டும். மூன்றாவதாகத்தான் கணினி.

எழுதி ஓடிய பிறகு தமதாக்கட்டும். எண்களை எடுத்துவிட்டு மீன் வைக்கலாம். இரண்டு நெத்தலி சேர்ந்தால் ஒரு சூடை, இரண்டு சூடை சேர்ந்தால் ஒரு சாளை, பிறகு பாரை, கடைசியில் அறுக்குளா. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் நம்மை விட நல்ல வரிசை சொல்வார்கள். தமிழ் எழுத்துகள் வைத்தும் செய்யலாம், காசு நாணயங்கள் வைத்தும் செய்யலாம்.

அதன் அடியில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: எதைப் பார்த்துச் செய்தோம், யாரிடம் கேட்டோம், எதை நாமாக மாற்றினோம். புத்தகத்தைப் பார்த்திருந்தால் புத்தகத்தின் பெயர். நானாவிடம் கேட்டிருந்தால் நானாவின் பெயர். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டிருந்தால் அதையும் எழுதட்டும். எழுதினால் புள்ளி குறையாது என்று ஆசிரியர்களாகிய நாம் முதலில் உறுதி கொடுக்க வேண்டும். பெயர் சொன்ன பிள்ளைக்குப் புள்ளி வெட்டி, மறைத்த பிள்ளைக்குப் புள்ளி போடும் வரை, மறைக்கத்தான் நாம் படிப்பிக்கிறோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கணினிக்கு முன் குந்திக்கொண்டு எதையோ நோண்டுவதைக் கண்டால், விளையாடுகிறதா செய்கிறதா என்று எட்டிப் பாருங்கள். செய்கிறது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள். "எங்கே பார்த்துச் செய்தாய் மகன்? இதில் நீ மாற்றியது என்ன, மகள்?" கணினி தெரியாத வாப்பாவும் உம்மாவும் கூட இந்த இரண்டையும் கேட்கலாம். இரண்டுக்கும் விடை சொல்லத் தெரிந்த பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது. முதலாவதுக்கு மட்டும் விடை சொன்னால் இன்னும் கொஞ்ச நாள் பழக விடுங்கள். இரண்டுக்கும் விடை இல்லையென்றால், அதட்டாமல் கட்டக் கொப்பியையும் கடதாசித் துண்டுகளையும் எடுத்துக் கொடுங்கள். 2, 2, 2, 2ஐ இடப்பக்கம் தள்ளச் சொல்லித் தொடங்கலாம்.